கதவுக்கு ஓர் ஆள்

செத்தது ஆட்டுக்குட்டி என்பதால் ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதன் மேல் விழுந்த சுவர் மனுஷன் மேலும் விழும் என்பது நகராட்சி ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஒருவழியாக உறைத்தது. கள்ளக்குறிச்சியில் மளிகை மண்டிக்குப் பின்னால், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள். லைன் வீடு என்பார்கள். காரைச் சுவர், நாட்டு ஓடு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்படி, எட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். அந்தக் கக்கூஸ் சுவர்தான் ஐப்பசி மழையில் விழுந்தது. ஓனர் தனசேகரன் சேலத்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. வாடகை கேட்கும்போது அவர் போன் நன்றாக வேலை செய்யும். ஓடு ஒழுகுகிறது என்று சொன்னால் உடனே சிக்னல் போய்விடும்.

லைனை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இடிப்பதற்கு முன் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வருவார். சுவர் எந்த லட்சணத்தில் இருக்கிறது, உள்ளே குடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டு ஆளை நிற்கவைத்து செல்போனில் படம் எடுப்பார். படத்தில் ஆள் இருந்தால் ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு. வெறும் கதவு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு கதவுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்.

இது காதில் விழுந்த நாளிலிருந்து இரண்டாவது வீட்டு ஆண்டாளுக்குத் தூக்கம் போயிற்று. அவள் மகன் அஜித்குமாருக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. மருமகள் சுபஸ்ரீ வந்ததிலிருந்து இருக்கும் ஓர் அறையின் நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் புதுசுகளும் இந்தப் பக்கம் ஆண்டாளும் அவள் புருஷனும் படுத்துக்கொண்டிருந்தார்கள். புது வீட்டிலும் அதே புடவையைக் கட்டித் தொங்கவிட வேண்டுமா? ஆண்டாளுக்கு இன்னொரு கதவு தேவைப்பட்டது.

அந்த நேரம் பார்த்தா மூன்றாவது வீட்டு அம்மாசி சாக வேண்டும்! ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகுட்டி கிடையாது. பெண்டாட்டி பெரியநாயகி மட்டும்தான். அவளுக்கும் நைனார்பாளையத்தில் ஓர் அண்ணனை விட்டால் வேறு நாதியில்லை. அந்த அண்ணன் கருமாதிக்கு வந்தான், விடியற்காலையில் தங்கச்சி கழுத்திலிருந்து தாலி வாங்கியதைப் பார்த்தான், "வேல கெடக்குதும்மா" என்று முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டான். எங்கள் வீட்டுக்கு வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை, படுபாவி. ஆகவே அந்த ஒழுகுகிற அறைதான் பெரியநாயகிக்கு இருந்த ஒரே இடம். அது போனால் அதற்குப் பதிலாக வரும் அடுக்குமாடி வீடு. அதுவும் போனால் நடுத்தெரு.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. தாலி வாங்கியவள் முகத்தை மூன்று நாளைக்கு யாரும் பார்க்கக் கூடாது. சுமங்கலிகள் பார்த்தால் ஆகாது, வீட்டில் நல்ல காரியம் வைத்திருப்பவர்கள் பார்த்தால் ஆகவே ஆகாது. அவளை உள்ளே மூலையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துக்காரி ஒருத்தி கதவை ஒருக்களித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். எவன் கண்டுபிடித்த முறையோ, நாசமாய்ப் போக. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு நாலு மனுஷ முகம்தான் வேண்டும். அதைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

சோறு தள்ளும் பொறுப்பை ஆண்டாள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். "பாவம், யாருமில்லாத பொம்பள, நான் பாத்துக்கறேன்" என்றாள். லைனே அவளைப் புகழ்ந்தது. புகழாமல் என்ன செய்யும்? அவள் மனசுக்குள் என்ன வெந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

எட்டாவது வீட்டு ஆயம்மாள் மட்டும் இந்த முறைக்குக் கட்டுப்படவில்லை. அவள் கல்வராயன் மலைக்காரி. புருஷன் கரியன் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் சாமையும் தினையும் போட்டுக்கொண்டு மலையிலேயே இருந்தான். மகள் பவானியைக் காலேஜில் படிக்கவைப்பதற்காக ஆயம்மாள் கீழே இறங்கிவந்து, கட்டட வேலையில் கல்லும் கலவையும் சுமந்துகொண்டிருந்தாள். தாலி வாங்கிய அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், சிமெண்ட் காலோடு நேராகப் போய் மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

"எக்கா, இன்னா இப்படி இருட்டுல ஒக்காந்துக்கினு இருக்கற?" என்று லைட்டைப் போட்டாள்.

"வராதடி, ஆகாது" என்று பெரியநாயகி முந்தானையை முகத்துக்கு இழுத்தாள்.

"எங்க மலையில இதெல்லாம் இல்லக்கா. புருஷன் செத்தவள தனியா வுட மாட்டோம். கூட ஒருத்தி படுத்துக்குவா." ஆயம்மாள் முந்தானையை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். "கண்ணெல்லாம் வீங்கிப் போச்சே. தண்ணி குடிச்சியா?"

பதினாறு நாளாக அழாத அழுகையைப் பெரியநாயகி அன்றுதான் அழுதாள். ஆயம்மாள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீ எம் பொறப்பு ஆயம்மா, செத்தாலும் மறக்க மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

வெளியே ஆண்டாள் கத்திக்கொண்டிருந்தாள். "மலக்காரிக்கு நம்ம மொற இன்னா தெரியும்? நாளைக்கி எந்த வூட்ல இழவு வுழுந்தாலும் இவதான் காரணம், சொல்லிட்டேன்!"

மறுநாள் காலையிலேயே ஆபீஸ் ஆள் வந்துவிட்டார். பெயர் ஆதிமூலம். வண்டியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது, அதற்குள் அவர் மகள் கல்யாணப் பத்திரிகைகள். போகிற வழியில் கொடுத்துக்கொண்டே வேலையையும் பார்க்கிற ஆசாமி. லைன் முனையிலேயே ஆண்டாள் டீ கிளாஸோடு அவரை எதிர்கொண்டாள். மற்றவர்கள் முகம் கழுவி, பவுடர் போட்டு, அவரவர் வாசலில் நின்றார்கள். ஆயம்மாளும் அன்று வேலைக்குப் போகவில்லை. பவானி மட்டும் பரீட்சை என்று காலேஜுக்குப் போயிருந்தாள்.

"மொதல்ல செவுரெல்லாம் பாத்துக்கறேன். போட்டோ கடைசியா ஒரே மூச்சுல எடுத்துக்கலாம்" என்றார் ஆதிமூலம். கையிலிருந்த சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டினார். பொலபொலவென்று காரை கொட்டியது. "இது வூடா இன்னா இது! எப்படிம்மா இதுல இருக்கறீங்க?" என்று கேட்டார். இருக்க வேறு இடமிருந்தால் ஏன் இதில் இருக்கப்போகிறார்கள்? கேள்வியைப் பார்.

மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் தள்ளப்போனார். ஆண்டாள் பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"சார் சார், தொறக்காதீங்க! உள்ள தாலி வாங்கினவ ஒருத்தி ஒக்காந்துக்கினு இருக்கா. நீங்க வேற பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு இருக்கறீங்க."

ஆதிமூலம் சூடுபட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "அய்யய்யோ! நல்லவேள சொன்ன தாயி. யார் வூடு இது?"

"எம் பையன் வூடுதாங்க. தோ, அஜித்குமாரு, இது எம் மருமவ. உள்ள இருக்கறது எங்க தூரத்து சொந்தம். போக்கெடம் இல்லன்னு நாங்கதான் வெச்சி சோறு போட்டுக்கினு இருக்கறோம்."

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்றாங்க" என்று ஆதிமூலம் உருகிப்போனார். "சரி, நீங்க ரெண்டு பேரும் இந்த வாசல்லயே நில்லுங்க. கடைசில வந்து எடுத்துக்கறேன்."

அஜித்குமாரும் சுபஸ்ரீயும் மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்கள். லைனில் ஒரு வாய் திறக்க வேண்டுமே! நாலாவது வீட்டுக்காரர் கூரை ஓடுகளை எண்ணினார், ஐந்தாவது வீட்டுக்காரி செருப்பைப் பார்த்தாள். எட்டாவது வீட்டில் நின்ற ஆயம்மாளுக்கு அந்தக் கோடியில் பேசியது கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு எல்லாமே கேட்டது. தூரத்துச் சொந்தமாம். வைத்துச் சோறு போடுகிறாளாம். முப்பது வருஷம் வாடகை கொடுத்த வீட்டு வாசலில் நேற்று வந்த பொடிசுகள் நிற்கிறார்களாம். பெரியநாயகி உட்கார்ந்தபடியே கதவுப் பக்கம் நகர்ந்தாள். எழுந்திருக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது என்று அவளுக்கும் சின்ன வயசிலிருந்தே சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அவளே எத்தனையோ பேருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு தள்ளியவள்தான். ஆதிமூலம் சுவரையெல்லாம் தட்டி முடித்துவிட்டு, "சரி, போட்டோ எடுத்துரலாம்" என்று சொன்னது கேட்டதும் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அவ்வளவுதான். "அம்மா!" என்று அலறிக்கொண்டு சுபஸ்ரீ மாமியார் வீட்டுக்குள் ஓடினாள். அவள் பின்னாலேயே அஜித்குமார். ஆண்டாள் உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள். முதல் வீடு, நாலாவது, ஐந்தாவது என்று கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. தெருவில் ஆதிமூலம் மட்டும் மாட்டிக்கொண்டார். ஓடுவதற்குக் கதவு இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு செல்போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க சார்! இது என் வூடு. அம்மாசி பொண்டாட்டி நான். கண்ண தொறந்து பாருங்க!"

"உள்ள போம்மா! உனக்கு புண்ணியமாப் போவும், உள்ள போ!"

"நான் இருக்கறேன் சார். உசுரோட இருக்கறேன். பாருங்களேன் சார்!" வாசலில் நின்றபடி அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். ஆதிமூலத்தின் விரல் தவறிப் பட்டு செல்போன் கிளிக் என்றது.

கத்தலைக் கேட்டு எட்டாவது வீட்டிலிருந்து ஒரே ஆள்தான் ஓடிவந்தது. ஆயம்மாள் தன் வாசலை அப்படியே போட்டுவிட்டு வந்து பெரியநாயகியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வாக்கா, உள்ள வா. நான் இருக்கறேன், வா" என்று அவளை உள்ளே இழுத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே ஆதிமூலம் கண்ணைத் திறந்தார். மகள் கல்யாணம் என்ன ஆகுமோ! இந்தச் சந்தில் இன்னொரு நிமிஷம் நிற்க முடியாது. நாளைக்கு மறுபடி வரவும் முடியாது. தலையைக் குனிந்துகொண்டே ஓட்டமும் நடையுமாக மற்ற எல்லாக் கதவுகளையும் படம் எடுத்தார். யார் கதவையும் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஆறு கதவுகள் சாத்தியிருந்தன. எட்டாவது கதவு திறந்து கிடந்தது, வாசலில் ஆள் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மாசியில் லைனை இடித்தார்கள். சாமானை எடுக்கச் சொல்லி, போலீஸை நிறுத்தி, ஜேசிபி வந்து ஒரு காலைக்குள் தரைமட்டம் ஆக்கிவிட்டது. வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்கப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த லைனில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தாராம். மூன்றாவது வீடு, அம்மாசி மனைவி பெரியநாயகி. மற்ற ஏழிலும் குடி இல்லையாம்.

ஆண்டாள் மண்ணை வாரித் தூற்றினாள். லைனே ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் கூச்சலுக்குப் பிறகு பெரிய ஆபீஸர் அம்மாள் ஒருவர் விசாரிக்கிறேன் என்றார். நைனார்பாளையத்துக்குச் சொல்லி அனுப்பி, பெரியநாயகியையும் வரச்சொன்னார்.

பெரியநாயகி நைனார்பாளையத்தில் எப்படி இருந்தாள் என்று கேட்காதீர்கள். வீடு இடிந்த அன்று வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். அண்ணி மாட்டுக் கொட்டகையில் பாயைப் போட்டாள். காலையில் எழுந்ததும் வாசல் பக்கம் வரக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வெளியே வர வேண்டும் என்று உத்தரவு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகுதான் இவளுக்குக் கஞ்சி. அடுக்குமாடியில் ஒரு வீடு உனக்கு என்று தகவல் வந்த அன்று அவள் அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். யார் முகத்துக்கும் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஆபீஸில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய ஆபீஸரின் மேஜைக்குப் பக்கத்தில் ஆதிமூலம் வேர்த்து விறுவிறுத்து நின்றார். மகள் கல்யாணம் நல்லபடியாகவே முடிந்திருந்தது. இப்போது வேலைதான் ஆட்டம் கண்டிருந்தது.

"கதவு சாத்தி இருந்துச்சு மேடம். எவ்ளோ கூப்ட்டும் யாரும் வரல. இந்தம்மா ஒருத்தர்தான் வாசல்ல நின்னாங்க" என்று கூசாமல் சொன்னார்.

"பொய் மேடம்! நாங்க எல்லாரும் உள்ளதான் இருந்தோம்!" என்று லைன் கத்தியது.

பெரிய ஆபீஸர் பெரியநாயகியை நாற்காலியில் உட்காரச்சொன்னார். "இங்க பாருங்கம்மா. படத்துல இருக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். அதனால உங்க வார்த்தைதான் கணக்கு. நல்லா யோசிச்சு சொல்லுங்க. மத்த வீட்ல ஒருத்தர் குடியிருந்தாங்கன்னு நீங்க சொன்னாலும் இவர் பாத்ததெல்லாம் தப்புன்னு ஆயிடும். மறுபடி பாக்கலாம்னா கட்டடமே இல்ல. விஷயம் கோர்ட்டுக்குத்தான் போகும். முடியற வரைக்கும் யாருக்கும் சாவி குடுக்க முடியாது, உங்களுக்கும் சேத்துத்தான்."

ஆண்டாள் முன்னால் வந்து தடாலென்று காலில் விழுந்தாள். "எக்கா, புத்தி கெட்டுப்போய் செஞ்சிட்டேன்க்கா. மருமவ முழுவாம இருக்கறா. தார்ப்பாய்ல கெடக்கறோம். நாங்க இருந்தோம்னு ஒரு வார்த்த சொல்லுக்கா."

பெரியநாயகி அவளை நன்றாகப் பார்த்தாள். அவசரமில்லாமல், நெற்றிப் பொட்டிலிருந்து கால் மெட்டி வரை பார்த்தாள். அவள் மனசுக்குள் குளிர்ந்தது. பிறகு ஆபீஸரைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாருங்க இந்தம்மா? நான் பாத்ததே இல்லீங்களே."

ஆண்டாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். நாலாவது வீட்டுக்காரரையும் தெரியாது என்றாள் பெரியநாயகி. ஐந்தாவது வீட்டுக்காரியையும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அவள் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

"எட்டாவது வீடு?" என்று ஆபீஸர் கேட்டார்.

ஆயம்மாள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. லைன் இடிந்ததிலிருந்து கட்டடம் கட்டும் இடத்தில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். வீடு இல்லையென்றால் பெண்ணை மலைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு, படித்தது போதும் என்று கரியன் சொல்லி அனுப்பியிருந்தான். இன்றோடு அந்தக் கவலை தீர்ந்தது என்று நம்பித்தான் பவானியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியநாயகியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

பெரியநாயகி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இவள் ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால் ஆதிமூலம் பொய் சொன்னதாகும். பொய்யென்றால் கோர்ட். கோர்ட்டென்றால் மாட்டுக் கொட்டகை, எத்தனை வருஷமோ. மேஜை மேல் ஒரு சிவப்பு நூலில் கட்டிய சாவி கிடந்தது.

"அங்கியும் யாரும் இல்லீங்க" என்றாள்.

ஆயம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தாள். "எக்கா, நான்க்கா. ஆயம்மா" என்று முன்னால் வந்தாள். "எட்டாவது வூடு. உன்ன உள்ள கூட்டிக்கினு போய் தண்ணி குடுத்தேனே. மறந்துட்டியா? இங்க பாருக்கா."

பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க பாருக்கா. என் மூஞ்சப் பாத்து சொல்லு" என்று ஆயம்மாள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பவானி, "எழுந்திரும்மா, வா போலாம்" என்று அழுதாள்.

பெரியநாயகி கண்ணைத் திறக்காமலே ஆபீஸர் இருந்த பக்கம் கையை நீட்டினாள்.

"சாவி இன்னிக்கே குடுத்துருவீங்களாங்க?" என்று கேட்டாள்.